வேலிக்குள்ள நிக்காத ஏரி

வடக்க, ரொம்ப வடக்க, நம்ம ஊர்லேர்ந்து நடந்தா ஒரு வருஷம் ஆகும்னு வச்சுக்குங்க, அங்க ஒரு பனிமலை இருந்துச்சாம், அந்தப் பனிமலைக்கு இடுப்பு உசரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல ஒரு ஆட்டுக்காரர் இருந்தாராம், அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. மூத்தவ பேரு மாதி. சின்னவளுக்கு அந்த ஊர்ப் பேரு ஏதோ இருந்துச்சு, என் வாயில நுழையல. பனி கொட்டுற அன்னைக்குப் பொறந்தவ, அதனால நாம வெள்ளச்சின்னு வச்சுக்குவோம். இது வெள்ளச்சியோட கதை.

பனின்னா எதுன்னு கேக்கறியா? மார்கழி மாசம் காலையில புல்லு மேல முத்து முத்தா இருக்குமே, அது இல்ல. ஐஸ்பெட்டிக்குள்ள ஓரமா வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும், அதை நீ நகத்தால சுரண்டித் தின்னுட்டு உங்கம்மாகிட்ட அடி வாங்குவியே, அது. அதை வானத்துலேர்ந்து அஞ்சு மாசம் நிறுத்தாமக் கொட்டினா எப்படி இருக்கும்? அதான் பனிமலை.

அந்த ஊருக்கு மேல, அரை நாள் ஏறினா ஒரு பெரிய பள்ளம். ஐப்பசி பொறந்தா பனி விழ ஆரம்பிக்கும். பள்ளம் தெரியாது, பாறை தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. அப்புறம் வைகாசியில வெயிலு ஏறும். பனி சொட்டும், சொட்டினது ஓடும், ஓடினது எல்லாம் அந்தப் பள்ளத்துல வந்து சேரும். ஆனி மாசம் போய்ப் பாத்தா அங்க ஒரு ஏரி! நீல ஏரி. மயில் கழுத்து நீலம். நடுவுல பனிக்கட்டி மிதந்துக்கிட்டு இருக்கும். சரின்னு ஆவணி கடைசியில போய்ப் பாத்தா, ஏரியக் காணோம்! அடியில இருக்கிற பாறைச் சந்து வழியா ஒழுகி, ஓடையில சேந்து, ஆத்துல விழுந்து, கீழ இறங்கிப் போயிருக்கும். வெறும் புல்லுதான் கிடக்கும். வருஷா வருஷம் இப்படித்தான். வரும், இருக்கும், போயிடும்.

அந்த ஏரி வர்ற அன்னைக்கு அந்த ஊர்ல திருவிழாதான். ஆனி மாசம் ஒரு நாள் காலையில அவங்கப்பன் வாசல்ல நின்னுக்கிட்டு மேல பாத்து மூக்கை உறிஞ்சுவாராம். "ஈர வாசம் அடிக்குது, வந்துடுச்சு"ன்னுவாராம். அவ்வளவுதான். அம்மா கம்பளியைக் கட்டிடுவா, அப்பன் ஆட்டைத் தொறந்து விட்டுடுவாரு, அக்காவும் தங்கச்சியும் ஆட்டுக்கு முன்னாடி ஓடுவாங்க. ஏறி ஏறி மூச்சு வாங்கி மேட்டு மேல நின்னு எட்டிப் பாத்தா, கீழ ஏரி. பனி ஓரமா, இன்னும் பனியே உருகல, அதைப் பொத்துக்கிட்டு மஞ்சப் பூ எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கும். பாறை மேல பூனை அளவுக்குக் கொழுத்த மலை எலி ஒண்ணு பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னுக்கிட்டு, பள்ளிக்கூட டிரில் வாத்தியாராட்டம் விசில் அடிக்கும். அடிக்கும்டா, நெசமா. அப்புறம் ரெண்டு பேரும் பாவாடையத் தூக்கிக்கிட்டு ஏரியில காலை விடுவாங்க. ஐயோ! குளிரு கால்ல ஆரம்பிச்சு பல்லு வரைக்கும் ஏறும். ஆனாலும் வெளிய வர மனசு வராது. நாப்பது நாளு, அம்பது நாளு, அங்கேயே கம்பளிக் குடிசை, அங்கேயே ஆடு, அங்கேயே சோறு, அங்கேயே தூக்கம்.

அப்படி இருக்கயில வெள்ளச்சிக்குப் பதினெட்டு வயசு ஆச்சு. கீழ நாட்டுலேர்ந்து அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு கழுதைக்காரங்க வருவாங்க. அதுல ஒருத்தன் சென்றாயன்னு, வாட்டசாட்டமான ஆளு, கொஞ்சம் வெகுளி, ஆனா நல்லவன். அவன் வெள்ளச்சியப் பாத்தான், வெள்ளச்சியும் அவனைப் பாத்தா, கல்யாணம் ஆயிப்போச்சு. ஒன்பது நாள் நடை தூரத்துல, ஆத்தோரமா நெல்லு விளையற ஊரு அவனுக்கு.

கிளம்புறப்ப மாதி என்ன சொன்னாளாம்? "ஏண்டி வெள்ளச்சி, வருஷா வருஷம் ஏரி வர்றப்ப நீயும் வந்துடு. நான் அந்தக் கரையிலதான் உக்காந்திருப்பேன்"ன்னாளாம். வெள்ளச்சியும், "வராம எங்க போவேன், அக்கா"ன்னாளாம்.

போனா. முதல் வருஷம் ஆனி வந்துச்சு, வெள்ளச்சிக்கு மசக்கை, எந்திரிச்சு நடக்க முடியல. "அடுத்த வருஷம் போலாம் புள்ள"ன்னான் சென்றாயன். ரெண்டாவது வருஷம் ஆனி வந்துச்சு, மாமியார் கிணத்தடியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. "அடுத்த வருஷம் போலாம் புள்ள." மூணாவது வருஷம் ஆனி வந்துச்சு, ஆத்துல தண்ணியும் வந்துச்சு, ஊரே நாத்து நட இறங்கிடுச்சு, வீட்டுல கையாளு பத்தல. "அடுத்த வருஷம் போலாம் புள்ள." இப்படியே அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் ஓடிச்சுன்னு நினைக்கிறீங்க? முப்பது வருஷம்.

அவ சும்மாவும் இருக்கல. நடவு நடறப்ப பக்கத்துல நிக்கிறவளுககிட்டச் சொல்லுவா, "எங்க ஊர்ல ஒரு ஏரி இருக்கு, வரும், போயிடும்"னு. அவளுக சிரிப்பாளுக. "வந்து போறதுக்கு அதென்ன உன் நாத்தனாரா?"ன்னு கேப்பாளுக. கார்த்திகை மாசமானா வடக்கேர்ந்து வாத்துக் கூட்டம் ஒண்ணு வந்து அறுத்த வயல்ல இறங்கும். சாம்பல் நிறத்துல பெரிய பெரிய வாத்து, பின்தலையில ரெண்டு கருப்புக் கோடு. கோடையில அதுங்க இருக்கிற இடம் பனிமலைதான்னு அவளுக்குத் தெரியும். யாரும் பாக்காதப்ப வரப்புல குந்திக்கிட்டு அதுங்ககிட்டக் கேப்பாளாம். "ஏரி வந்துச்சா? தண்ணி நிறைஞ்சிருந்துச்சா? எங்கக்கா கரையில உக்காந்திருந்தாளா?" வாத்து என்ன சொல்லும்? நெல்லைப் பொறுக்கித் தின்னுட்டுப் பறந்து போயிடும்.

முப்பதாவது வருஷம் ஆடி மாசம் தேதி ஒண்ணு. வெள்ளச்சி மருமக எடுத்தாச்சு, தலை நரைச்சாச்சு. நடவுக்கு வாய்க்கால்ல இறங்கினா. இறங்கினவ அப்படியே நின்னுட்டா. தண்ணி ஜில்லுன்னு இருக்கு. வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும், ஆனா அன்னைக்கு என்னமோ அந்தக் குளிரு கால்ல ஏறி, முட்டியில ஏறி, நெஞ்சுல போய்க் குத்திடுச்சு. இது அங்கேர்ந்து வந்த தண்ணியாச்சேன்னு நினைச்சா. அந்த மஞ்சப் பூ ஓரமா, அக்கா உக்காந்திருக்கிற கரையைத் தொட்டுட்டு வந்த தண்ணி. நாத்து முடிச்சைக் கையில வச்சுக்கிட்டு நடு வாய்க்கால்ல நின்னு அழுதா.

மடையைத் தொறந்து விட்டுட்டு வந்த சென்றாயன் வரப்புலேர்ந்து பாத்தான். பதறிப்போயி ஓடியாந்தான்.

"என்ன புள்ள, பாம்பு கடிச்சுடுச்சா?"

"இல்லீங்க. தண்ணி எங்க ஊர்த் தண்ணி."

"ஊருக்குப் போகணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்!"

சென்றாயன் தலையச் சொறிஞ்சான். "சொன்ன. நான்தான் கேக்கல"ன்னான். அந்த நாத்து முடிச்சை அவ கையிலேர்ந்து வாங்கிக் கரையில வச்சான். "நடவை மவனும் மருமவளும் பாத்துக்குவாங்க. வா, நாளைக்கே கிளம்புவோம். ஏரி போறதுக்குள்ள போயிடலாம்."

கிளம்பிட்டாங்க. முதல் மூணு நாள் வயக்காடு, அடுத்த மூணு நாள் மரக்காடு, கடைசி மூணு நாள் மரமே இல்லாத மலை. சென்றாயனுக்கு மூச்சு வாங்குது, வெள்ளச்சிக்கு வாங்கல. அவ காலு அந்தப் பாதைய மறக்கவே இல்ல. ஒன்பதாவது நாள் உச்சிப் பொழுதுக்கு அந்த மேட்டு மேல ஏறி எட்டிப் பாத்தா, கீழ ஏரி. அதே நீலம். ஒரு துளி குறையல.

ஆனா ஏரியச் சுத்தி என்னமோ கருப்பா ஒரு கோடு. என்னன்னு கண்ணைச் சுருக்கிப் பாத்தா, வேலி! முள்ளை வெட்டியாந்து சுத்திலும் அடைச்சு, பத்தடிக்கு ஒரு சேவகன் ஈட்டியோட நிக்கிறான். வேலிக்கு வெளிய ஆடுங்க எல்லாம் தண்ணியப் பாத்துக்கிட்டு, நாக்கு வறண்டு கத்திக்கிட்டு நிக்குது. வேலிக்கு வெளிய ஒரு பாறை. அந்தப் பாறை மேல தலை பஞ்சா வெளுத்த ஒருத்தி உக்காந்திருக்கா.

வெள்ளச்சி கிட்டப் போனா. "அக்கா"ன்னா.

அவ திரும்பிப் பாக்கல. "யாரு?"

"நான்தான்."

"எந்த நானு?"

"வெள்ளச்சி."

மாதி திரும்பி மேலயும் கீழயும் பாத்தா. "முப்பது தடவை வந்து உக்காந்தேன்"ன்னா. "முதல் வருஷம் உனக்குன்னு வெண்ணெய் எடுத்து வச்சேன். பத்து வருஷம் எடுத்து வச்சேன். அப்புறம் எடுத்து வைக்கல. ஆனா வர்றதை நிறுத்தல. அப்பன் போனாரு, அம்மா போனா, என் வீட்டுக்காரரும் போயிட்டாரு. நல்ல நேரம் பாத்து வந்த போ, கால் நனைக்கக்கூட விடமாட்டேங்கறான்." அப்படிச் சொன்னவ சட்டுனு தங்கச்சி முந்தானையப் பிடிச்சு இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சா. பிடிச்ச கைய விடல. சென்றாயன் ஆட்டைப் பாத்துக்கிட்டே மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னான்.

என்ன நடந்துச்சுன்னா, அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு மச்சினன், ராணியோட தம்பி. பேரு கம்பீரன். பேருலதான் கம்பீரம், ஒரு வேலையும் தெரியாது. அவன் ஆனி மாசம் வேட்டைக்குன்னு மலை ஏறினவன், ஏரியப் பாத்துட்டான். கீழ ஓடிப்போயி ராஜாகிட்டச் சொன்னானாம், "மாமா, நானே ஆளுங்களை வச்சு மூணு வருஷமா வெட்டி மலை மேல ஒரு ஏரி கட்டியிருக்கேன். உங்க பொறந்தநாளுக்கு, புரட்டாசியில, அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க, படகு விடலாம்"ன்னானாம். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். ஏரியும் அதைச் சுத்தின புல்வெளியும் உனக்கேன்னு செப்புப் பட்டயம் எழுதிக் குடுத்துட்டாரு. அதை வச்சுக்கிட்டு வந்து வேலி போட்டுட்டான். ராஜா காலு படப்போற தண்ணியில ஆடு வாய் வைக்கிறதான்னு ஆட்டுக்காரங்க எல்லாரையும் துரத்திட்டான். அவங்க பனி ஓடையைத் தேடி அரை நாள் நடந்து தோல்பையில தண்ணி சுமக்கிறாங்க. குட்டி ஆடு பாதி செத்துப்போச்சு.

வெள்ளச்சி கேட்டா, "ஏரி போயிடும்னு யாரும் அவன்கிட்டச் சொல்லலையா?"

"சொல்லாம? பொய் சொல்லி ஏமாத்தப் பாக்கறோமாம்."

வெள்ளச்சி நேரா அவன் கூடாரத்துக்குப் போனா. அங்க தச்சனுங்க படகு செஞ்சுக்கிட்டு இருக்கானுங்க. அன்னத்து முகம் வச்ச படகு, எட்டுத் துடுப்பு. கம்பீரன் பட்டு மெத்தையில சாஞ்சுக்கிட்டு அன்னத்துக்கு மூக்கு சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருக்கான்.

"சாமி, நான் முப்பது வருஷம் கழிச்சு வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை காலை நனைச்சுக்கிறேன்"ன்னா வெள்ளச்சி.

"நனைச்சா தண்ணி அழுக்காயிடும். போ."

"சாமி, இந்த ஏரி புரட்டாசிக்கு இருக்காது. போயிடும்."

"எங்க போகும்? ஏரிக்கென்ன காலா முளைச்சிருக்கு?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். தச்சனுங்களும் சிரிச்சாங்க. சிரிக்கலைன்னா கூலி கிடைக்காதே.

பத்து நாள் ஆச்சு. ஏரி கரையிலேர்ந்து ஒரு ஆள் நீளம் உள்ள வாங்கிடுச்சு. வெள்ளச்சி ரெண்டாவது தடவை போனா. "சாமி, வத்த ஆரம்பிச்சுடுச்சு. நீங்க கெட்ட பேரு வாங்கிடாதீங்க, ராஜாவை இப்பவே வரச்சொல்லி ஆள் அனுப்புங்க. இன்னும் இருபது நாளு தாங்கும்."

"படகுக்கு மூக்கு முடியல, அதுக்குள்ள ராஜாவைக் கூப்பிடச் சொல்றியா? தண்ணி குறையுதுன்னா உங்க ஆடுங்கதான் திருட்டுத்தனமாக் குடிக்குது. டேய், வேலியத் தண்ணிகிட்ட நகர்த்துங்கடா!"

சேவகனுங்க வேலியப் பிடுங்கி உள்ள தள்ளி நட்டாங்க. மறுபடி பத்து நாள் ஆச்சு. ஏரி பாதி ஆயிடுச்சு. வெள்ளச்சி மூணாவது தடவை போனா. "சாமி..." ன்னு ஆரம்பிச்சா.

"இன்னொரு தடவை போயிடும், போயிடும்னு சொன்ன, உன்னைக் கட்டி மலையிலேர்ந்து உருட்டிடுவேன்!"ன்னு கத்தினான். "டேய், வேலிய நகர்த்துங்கடா!"

அப்புறம் அவ போகல. ஏரி வத்த வத்த, வேலிய நகர்த்து. ஏரி வத்த வத்த, வேலிய நகர்த்து. அதுவே சேவகனுங்களுக்கு வேலையாப் போச்சு. அவங்க வேலிய உள்ள தள்ளத் தள்ள, ஆட்டுக்காரங்களுக்குப் புல்லு திரும்பக் கிடைச்சுது, ஆடு மேய்ஞ்சு பிழைச்சுது. அக்காவும் தங்கச்சியும் மட்டும் ஒவ்வொரு நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஏரி போறதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. சின்னப் புள்ளையில ஏரி போற அன்னைக்கு வெள்ளச்சி அழுவாளாம். அப்ப அப்பன் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு இறங்குவாராம். இப்பத் தூக்க யாரு இருக்கா? ஆனா அவளுக்கு அழுகை வரல. கண்ணு முன்னாடி போனாப் பரவால்ல, காணாமப் போனாத்தான் பொறுக்கலன்னு நினைச்சுக்கிட்டா.

ஆவணி முடியுது. வேலி இப்ப நெல்லு அடிக்கிற களத்தளவு ஆயிடுச்சு. அதுக்குள்ள கொஞ்சூண்டு கலங்கல் தண்ணி. அதைச் சுத்தி இருபது சேவகன், ஈட்டியோட! காவல் நின்ன ஒரு கிழட்டுச் சேவகனுக்கே வெக்கமாப் போச்சு. "ஆத்தா, எசமான் படுத்துக் கிடக்காரு. நீங்க உள்ள வந்து காலை நனைச்சுக்கிட்டுப் போங்க"ன்னான்.

வெள்ளச்சி எந்திரிச்சா. பாத்தா. திரும்ப உக்காந்துட்டா. "முப்பது வருஷம் காத்திருந்தது சேத்துல மிதிக்கவா? வேண்டாம்பா"ன்னா. அதைக் கேட்டு மாதி சிரிச்சா பாருங்க! அவ வந்த நாள்லேர்ந்து அக்கா சிரிச்சது அன்னைக்குத்தான்.

புரட்டாசி பொறந்துச்சு. ராஜா வந்தாரு, ராணி வந்தா, மலையில மூட்டை சுமக்கிற சடைமாடு அம்பது வந்துச்சு, மேளம் வந்துச்சு, பந்தம், பலகாரம் எல்லாம் வந்துச்சு. மேட்டு மேல ஏறி எட்டிப் பாத்தாங்க. கீழ பச்சைப் புல்லு. புல்லு நடுவுல அன்னப் படகு. படகு மேல ஒரு ஆட்டுக்குட்டி ஏறி நின்னு அன்னத்து மூக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கு.

"மச்சினா, ஏரி எங்க?"ன்னாரு ராஜா.

கம்பீரன் தொப்புனு கால்ல விழுந்தான். "மாமா, திருடிட்டாங்க!"

"ஏரியையா?"

"ஏரியத்தான் மாமா! எப்படித் திருடினாங்கன்னு தெரியல, ஆனா யாருன்னு தெரியும். இதோ இவதான். கீழ நாட்டுலேர்ந்து வந்தவ. ஏரி போயிடும், போயிடும்னு மூணு தடவை வந்து சொன்னா. திருடறவளுக்குத்தானே முன்கூட்டியே தெரியும்?"

சேவகனுங்க வெள்ளச்சியக் கொண்டாந்து நிறுத்தினாங்க. ராஜா கோவக்காரர், தப்புன்னா தலைய எடுத்துடுவாருன்னு பேரு.

"ஏரி போயிடும்னு நீ சொன்னியா அம்மா?"

"சொன்னேன் மகாராஜா."

"போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பொறந்ததுலேர்ந்து அது போயிக்கிட்டுதானே இருக்கு, மகாராஜா."

"சரி, இப்ப அது எங்க?"

அவ வாயத் தொறக்கறதுக்குள்ள சென்றாயன் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்து நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். "மகாராஜா, அவளை விட்டுடுங்க! திருடினது நான்தான்!"

"நீயா? எப்படித் திருடின?"

"எங்க ஊர் வாய்க்காலுக்கு நான்தாங்க மடை தொறக்கிறவன். வருஷா வருஷம் ஆடியில ஜில்லுனு தண்ணி வரும், நான் தொறந்து வயலுக்கெல்லாம் விடுவேன். முப்பது வருஷமா விட்டிருக்கேன். சத்தியமா அது இந்த ஐயாவோட ஏரின்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாத் தொட்டிருக்க மாட்டேன். நெல்லா விளைஞ்சு எல்லாரும் தின்னும் தீத்துட்டோம். எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியலீங்க!"

அவன் வேடிக்கைக்குச் சொல்லல. கண்ணுல தண்ணி ஓடுது. வெள்ளச்சி அவனையே பாத்துக்கிட்டு நின்னா. முப்பது வருஷமா அவ ஏரியப் பத்திச் சொன்னதைக் காது குடுத்துக் கேக்காத மனுஷன், இன்னைக்கு அந்த ஏரிக்காகத் தலையக் குடுக்கறேன்னு விழுந்து கிடக்கான்.

ராஜா முதல்ல சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. "உங்க நெல்லுதானே அரண்மனைக்கு வருது?"ன்னு கேட்டாரு.

"ஆமா மகாராஜா"ன்னா வெள்ளச்சி. "நீங்க காலையில சாப்பிட்டு வந்தீங்களே, அந்தச் சோத்துலயும் இந்த ஏரி இருக்கு."

ராஜா மச்சினன் பக்கம் திரும்பினாரு. "இந்த ஏரிய நீ வெட்டினதா சொன்னியே?"

"ஆமா மாமா, மூணு வருஷம்."

மாதி முன்னால வந்தா. "மகாராஜா, இங்க தையில மூணு ஆள் உசரத்துக்குப் பனி கிடக்கும். அப்ப இவரு எங்க நின்னு வெட்டினாருன்னு கேளுங்க"ன்னா.

கம்பீரன் திருதிருன்னு முழிச்சான். ராணி தம்பிக்காகப் பேச வாயத் தொறந்தா, புருஷன் மூஞ்சியப் பாத்துட்டு மூடிக்கிட்டா.

ராஜா செப்புப் பட்டயத்தை வாங்கி, வளைச்சு, தூரப் போட்டாரு. "இது யாரு பேருலயும் எழுதற ஏரி இல்ல. ஆட்டுக்காரங்க எப்பவும்போல வந்துக்கட்டும்"ன்னாரு. "ஆனா மச்சினா, உன் ஏரி காணாமப் போயிருக்கு. பொருளைத் தொலைச்சவன்தானே தேடணும்? போய்த் தேடு. அது போன வழியிலயே நடந்து போ. வழியில எல்லார்கிட்டயும் உன் வாயாலயே கேளு. கண்டுபிடிச்சுக் கூட்டிக்கிட்டு வா. அது வரைக்கும் அரண்மனை வாசல் உனக்குக் கிடையாது."

கம்பீரன் நடந்தான். ஓடையோட நடந்து, ஆத்தோட நடந்து, முதல்ல ஒரு வண்ணாரைப் பாத்தான். "ஐயா, ஒரு ஏரி இந்தப் பக்கம் வந்துச்சா?" "வந்துச்சே! என் துணியெல்லாம் வெளுத்துக் குடுத்துட்டுப் போச்சு." இன்னும் நடந்து, நடவு நட்ட ஒருத்தியப் பாத்தான். "அம்மா, ஒரு ஏரி இந்தப் பக்கம் வந்துச்சா?" "வந்துச்சே! வயல்ல நாலு நாள் தங்கிட்டுப் போச்சு." இன்னும் நடந்து, கடைசியில கடலோரம் ஒரு ஓடக்காரனைப் பாத்தான். "அண்ணே, ஒரு ஏரி இந்தப் பக்கம் வந்துச்சா?" "இப்பத்தான் உள்ள இறங்குச்சு, பாத்துக்க"ன்னான் ஓடக்காரன். கம்பீரன் குனிஞ்சு ஒரு கை அள்ளிக் குடிச்சான். தூன்னு துப்பினான். உப்பு! "இது என் ஏரி இல்ல"ன்னு அழுதான். இன்னமும் அங்கதான் நிக்கிறானாம். அலை வந்தா "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு ஓடுவானாம், அலை திரும்பினா "போயிடுச்சு, போயிடுச்சு"ன்னு தலையில அடிச்சுக்குவானாம்.

சிரிச்சது போதும், கேளுங்க. வெள்ளச்சி என்ன ஆனா? ராஜா போனதும் சென்றாயன் மூட்டையக் கட்டினான். "வா புள்ள, அறுவடை வருது"ன்னான்.

"நீங்க போங்க. நான் இந்த வருஷம் வரல"ன்னா.

"சரி, அறுத்து முடிச்சுட்டு ஆனிக்கு நான் வரேன்"ன்னான். போயிட்டான்.

ஐப்பசியில பனி விழ ஆரம்பிச்சுது. வெள்ளச்சி முப்பது வருஷம் கழிச்சுப் பனியப் பாத்தா. அக்காவும் தங்கச்சியும் ஒரே அடுப்புகிட்ட உக்காந்து, கம்பளி நூலு நூத்துக்கிட்டே பேசினாங்க. அப்பன் கடைசியா என்ன கேட்டாரு, அம்மா யாரைத் தேடினா, எந்த ஆடு எத்தனை குட்டி போட்டுச்சு, எல்லாம். முப்பது வருஷத்துப் பேச்சு, பனி அஞ்சு மாசம் பெஞ்சும் தீரல. கேக்கக் கூடாததைக் கேட்டுச் சண்டையும் போட்டாங்க. ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க. அப்புறம் பேசினாங்க. அம்மா பேரைச் சொல்லி அழுதாங்க, அழுதுட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சாங்க.

ஆனி வந்துச்சு. சென்றாயனும் சொன்னாப்பலயே புது அரிசியோட வந்து சேந்தான். அன்னைக்குக் காலையில மாதி வாசல்ல வந்து நின்னா. மூக்கை உறிஞ்சிட்டுத் தங்கச்சியப் பாத்தா. மூணு பேரும் ஏறினாங்க. மேட்டு மேல போய் நின்னாங்க. சென்றாயன் போன தடவை வேலியையும் ஈட்டியையும்தான் பாத்தான், ஏரியப் பாக்கவே இல்ல. இப்பப் பாத்தான். பனி விலகி, அடியிலேர்ந்து நீலம் எந்திரிச்சு வந்துக்கிட்டே இருக்கு. வேலி இல்ல, ஈட்டி இல்ல. ஆடுங்க குதிச்சுக்கிட்டு இறங்குது. அவன் வாயப் பொளந்துக்கிட்டு நின்னான்.

"ஏன் புள்ள, நீ பாதிதானே எனக்குச் சொல்லியிருக்க"ன்னான்.

"மீதிய நீங்களே பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு வெள்ளச்சி அக்கா கையப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, நரைச்ச தலை ரெண்டும் தண்ணியில காலை வச்சுது. குளிரு பல்லு வரைக்கும் ஏறுச்சு. ஒருத்தியும் வெளிய வரல.

ஊர்த் தண்ணிய வேலி போட்டு வச்சுக்கப் பாத்தவன் உப்புத் தண்ணியில நிக்கிறான். அது வரும்னு நம்பி உக்காந்திருந்தவளுக்குத் தண்ணியும் வந்துச்சு, தங்கச்சியும் வந்தா. அவ்வளவுதான் கதை. அவங்க அங்க கால் நனைச்சாங்க, நாம இங்க கால் நீட்டிப் படுப்போம்.